15-ஆவது ஆளைச் சேர்க்கலாமா?

போறணைக்காரன் (ஹட்டன்)

வணக்கம். ஹட்டனில் பேக்கரி நடத்துகிறேன். போறணையில் நான்கு பேர், முன்கடையில் ஐந்து பேர், தெருத் தெருவாகப் பாட்டுப் போட்டுப் பாண் விற்கும் சூன் பாண் ஆட்டோ ஓட்ட இரண்டு பேர், கணக்கெழுத ஒரு பிள்ளை, கழுவித் துடைக்க ஒரு அம்மா. மொத்தம் 13. கொட்டகலையில் சிறிய கிளை ஒன்று திறக்க இடம் பார்த்துவிட்டேன். அதற்குக் குறைந்தது நான்கு பேராவது வேண்டும்.

கேட்ட இடமெல்லாம் ஒரே புத்திமதிதான்: 15-ஐத் தொடாதே. தொட்டால் பணிக்கொடை, தொட்டால் ஒருவரையும் நிறுத்த முடியாது, தொழில் திணைக்களம் வாசலில் வந்து நிற்கும். 14 வரை சட்டம் நம்மைத் திரும்பியும் பார்க்காதாம். மாமனார் கிளையை மனைவியின் பெயரில் பதியச் சொல்கிறார். இங்கே 13, அங்கே 4, இரண்டும் கணக்குக்குக் கீழே.

இன்னொரு தலைவலியும் இருக்கிறது. முன்கடையில் மூன்று வருடம் நின்ற பையன் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. போவதற்கு முதல் நாள் லாச்சியில் 8,500 ரூபாய் குறைந்தது, அதைக் கேட்டேன், அவ்வளவுதான். இப்போது சேமலாப நிதி (ஈ.பி.எப்.) கட்டவில்லை என்று முறைப்பாடு செய்திருக்கிறான். தொழில் அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. 13 பேரில் ஏழு பேருக்கு ஒழுங்காகக் கட்டுகிறேன். மற்ற ஆறு பேரும் தாங்களே வேண்டாம் என்றவர்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கணக்குமேசை (கண்டி)

மாமனாருக்கு 15 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். அது வெறும் கதை அல்ல. இரண்டு சட்டங்களில் அந்த எண் இருக்கிறது. ஒன்று 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம். ஐந்து வருடம் முடித்தவர் விலகும்போது, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் கொடுக்க வேண்டும். 36,000 வாங்கும் ஒருவர் எட்டு வருடம் நின்றால் 18,000 தடவை 8, அதாவது 144,000. விலகி 30 நாளுக்குள் கைக்குப் போக வேண்டும்.

மற்றது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்துவது பற்றியது. வியாபாரம் படுத்துவிட்டது, ஆள் அதிகம் என்று ஒழுக்கக் காரணம் இல்லாமல் நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் நட்டஈடு உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாவது வருடத்தில் இருந்து பதினான்காவது வரை இரண்டு மாதம், பிறகு படிப்படியாகக் குறையும். அதே எட்டு வருட ஆளுக்குப் பன்னிரண்டரையும் ஆறும் பதினெட்டரை மாதம். 666,000 ரூபாய். பணிக்கொடை அதற்கு மேல் தனி. உச்சவரம்பு 25 இலட்சம்.

ஆகவே பயப்படுபவர்கள் சும்மா பயப்படவில்லை. ஆனால் பயப்பட வேண்டியது உங்களைப் போன்ற வளர்கிற கடையா, மூடப்போகிற கடையா என்பதை யோசியுங்கள்.


நானுஓயா விடுதி

இதைத்தான் நானும் சொல்கிறேன். இந்தச் சட்டங்கள் எல்லாம் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைகளை மனதில் வைத்து எழுதியவை. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்த காலம். அந்த இரண்டு மூன்று வாரம்தான் எங்களுக்கு வருடம். அப்போது பத்துப் பேர் வேலை செய்கிறார்கள், ஜூன் மழையில் மூன்று பேருக்கு வேலை இல்லை. யாருக்கு நியமனக் கடிதம், யாருக்குப் பணிக்கொடை? கையில் காசு, வாயில் வார்த்தை. 16 வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. நம் பிள்ளைகள், நம் சனம். ஒருவருக்குச் சுகமில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் நான்தான், மகளின் சடங்குக்குக் கடன் கொடுப்பதும் நான்தான். எந்தச் சட்டம் அதைச் செய்கிறது?


இரவுச்சூளை (தலவாக்கலை)

16 வருடமாக ஓடுகிறது என்றால் முதலாளிக்கு ஓடுகிறது என்று அர்த்தம்.

நான் போறணைத் தொழிலாளி. இரவு ஒன்பதுக்கு ஏறி விடியற்காலை ஐந்துக்கு இறங்குகிறவன். முன்பு நின்ற கடையில் 11 வருடம். அந்த முதலாளியும் நல்லவர்தான், தீபாவளிக்கு வேட்டி வாங்கித் தருவார். கடையை விற்றுவிட்டுப் பிள்ளைகளிடம் போய்விட்டார். புதிதாக வாங்கியவரிடம் 11 வருடம் நின்றேன் என்று நிரூபிக்க என்னிடம் இருந்தது கைகளில் சூட்டுத் தழும்பு மட்டும்தான். சம்பளச் சீட்டு இல்லை, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் இல்லை. தோட்டத்தில் கொழுந்து எடுத்த என் அம்மாவுக்கு ஈ.பி.எப். கிடைத்தது. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து "முன்னேறிய" எனக்கு இல்லை.

சடங்குக்குக் கொடுப்பது கடன், விடுதிக்கார ஐயா. சம்பளத்தில் கழித்துவிடுவீர்கள்தானே. சேமலாப நிதி கடன் அல்ல.

இன்னொன்று. தொழிற்சங்கம் பதிய ஏழு பேர் போதும். 15 வரை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை.


நானுஓயா விடுதி

சங்கம் அமைப்பதென்றால் தாராளமாக அமையுங்கள். மாதச் சந்தாவும் சம்பளத்தில்தான் கழியும்.


சட்டத்தரணி (பதுளை)

சண்டையைச் சற்று நிறுத்தி வையுங்கள். போறணைக்காரரின் கேள்வியில் இரண்டு மூன்று விடயம் கலந்து கிடக்கின்றன.

முதலில் அந்த 15-ஐ எப்படி எண்ணுவது? பலர் நினைப்பது போல இன்று கடையில் நிற்கும் தலைகளை எண்ணுவது அல்ல. பணிக்கொடைச் சட்டத்துக்கு, அந்த ஊழியர் விலகுவதற்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 15 பேர் இருந்தாலே போதும். தீபாவளி வாரத்தில் மூன்று பேரைக் கூடுதலாகப் பிடித்தீர்களா? அந்த வாரம் போதும். 1971 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கணக்கு வேறு. நிறுத்தும் மாதத்துக்கு முந்திய ஆறு மாதத்தின் சராசரி. அதோடு, அந்த ஊழியர் 12 மாத காலத்தில் 180 நாளாவது வேலை செய்தவராக இருக்க வேண்டும். ஏப்ரலுக்கு மட்டும் வந்து போகிறவருக்கு இந்தச் சட்டம் எட்டாது. ஆகவே விடுதிக்காரர் எதைக் கண்டு பயப்படுகிறாரோ அது அவருடைய பருவகால ஆட்களுக்குப் பொருந்தவே இல்லை. அவருக்குப் பொருந்துவதோ சேமலாப நிதி. அதைப் பற்றித்தான் அவர் மூச்சு விடவில்லை.

மனைவியின் பெயர் பற்றி: பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு விசாரணை முடிந்துவிடாது. மாவு எங்கிருந்து வருகிறது, ஆட்களை யார் சேர்க்கிறார், யார் ஏசுகிறார், சம்பளம் எந்த லாச்சியில் இருந்து போகிறது, இங்கே ஆள் குறைந்தால் அங்கிருந்து ஒருவரை அனுப்புகிறீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். ஒரே போறணையில் வெந்த பாணை இரண்டு முதலாளிகளின் பாண் என்று சொல்லி நிற்பது கடினம். மனைவி உண்மையிலேயே தனியாக நடத்தினால் அது வேறு கதை. காகிதத்துக்காக என்றால் இரண்டு பேரும் சேர்ந்து கூண்டில் ஏற வேண்டி வரும்.

மூன்றாவது விடயம்தான் முக்கியம். 14 பேர் வரை சட்டம் பார்க்காது என்பது சுத்தப் பொய். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சேமலாப நிதிச் சட்டம் ஒரே ஒரு ஆளை வைத்திருப்பவருக்கும் உண்டு. தற்காலிகம், நாட்கூலி, பயிற்சி என்ற பேதம் இல்லை, முதல் நாளில் இருந்தே. ஊழியர் நம்பிக்கை நிதியும் அப்படித்தான். பணிக்கொடைகூட, 15-க்குக் கீழ் என்றால் அந்தச் சட்டத்தின் கீழ் கேட்க முடியாதே தவிர, வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் கேட்க வழி இருக்கிறது. அநியாயமாக வேலைநீக்கம் செய்தார் என்று நியாய சபைக்குப் போக ஆள் எண்ணிக்கை ஒரு தடையே அல்ல. ஒரே ஊழியர் இருந்த கடைக்கு எதிராகவும் போகலாம். அங்கே "நீதியானதும் ஒப்புரவானதுமான" கட்டளையைக் கொடுக்கும் அதிகாரம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இப்படித்தான் எழுதியிருக்கிறது என்று நீட்டினால் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.


போறணைக்காரன் (ஹட்டன்)

நன்றி ஐயா. ஆனால் ஆறு பேர் விடயத்தில் எனக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நான் கட்டமாட்டேன் என்று சொல்லவில்லை. "எட்டு வீதம் வெட்டினால் நாளைக்கே வேலைக்கு வரமாட்டோம்" என்று அவர்களே சொன்னார்கள். 36,000-இல் 2,880 ரூபாய் போனால் அவர்களுக்கும் வலிக்கும். எனக்குத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்திருக்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் இருவரும் சம்பளத்துக்கே இல்லை, விற்பனையில் கமிஷன்.


சட்டத்தரணி (பதுளை)

அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், கட்டவில்லை என்பதற்கு உங்கள் கையாலேயே தயாரித்த சாட்சி அது. சேமலாப நிதி ஊழியரின் விருப்பத்தில் நிற்பது அல்ல. அவர் விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதினாலும் செல்லாது. உரிய மாதத்தில் நீங்கள் கழிக்காமல் விட்ட எட்டு வீதத்தைப் பின்னால் அவர் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது. ஊழியரின் எட்டும் முதலாளியின் பன்னிரண்டும் சேர்த்து 20 வீதமும் உங்கள் தலையில் விழும்.

பிந்திக் கட்டுவதற்கான மேல்வரி தனி. பத்து நாள் பிந்தினால் 5 வீதம், ஒரு மாதம்வரை 15, மூன்று மாதம்வரை 20, ஆறு மாதம்வரை 30, ஒரு வருடம்வரை 40, அதற்கு மேல் 50. கட்டாவிட்டால் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்புவார், தொகை தண்டப்பணம் போல அறவிடப்படும்.

சூன் பாண் தம்பிமார் பற்றி: ஆட்டோ யாருடையது? பாதை யார் சொல்வது? விற்காத பணிஸைத் திருப்பித் தரலாமா? வேறு கடைப் பாணும் ஏற்றலாமா? ஆட்டோவும் உங்களுடையது, பாதையும் உங்களுடையது, வேறு கடை ஏற்றினால் வேலை போய்விடும் என்றால் அவர் ஊழியர். கமிஷன் என்பது சம்பளம் கொடுக்கும் ஒரு முறை மட்டும்தான், அதற்கும் நிதி கட்ட வேண்டும். சொந்த ஆட்டோவில், சொந்தக் காசுக்குப் பாண் வாங்கி விற்று இலாபத்தை வைத்துக்கொள்கிறவர் என்றால் வியாபாரி.


கணக்குமேசை (கண்டி)

ஆறு பேருக்கும் சராசரி 36,000 என்று வைத்தால், மாதம் ஒருவருக்கு 7,200, ஆறு பேருக்கு 43,200. ஒரு வருடத்துக்கு 518,400. வருடம் கடந்த பழைய பாக்கி என்றால் அதோடு பாதி சேர்ந்து 777,600. இது ஒரே ஒரு வருடத்துக்கு. விலகிப்போன பையனின் மூன்று வருடம் தனி.

பேக்கரிக்காரர்கள் எல்லாரும் தவறவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நிதி கட்டுவதற்கான "உழைப்பு ஊதியம்" அடிப்படைச் சம்பளம் மட்டும் அல்ல. வாழ்க்கைச் செலவுப் படி உண்டு, விடுமுறைச் சம்பளம் உண்டு, நீங்கள் கொடுக்கும் சமைத்த சாப்பாட்டின் பெறுமதியும் உண்டு. மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு விலக்கு உண்டு. அடிப்படையை 20,000 ஆக்கி மிச்சத்தைப் "படி" என்று எழுதச் சொல்லும் கணக்காளரிடம் இருந்து ஓடிவிடுங்கள். அந்த வித்தை தேசிய ஆகக்குறைந்த வேதனத்திலும் இடிக்கும். 2025 ஏப்ரலில் அது மாதம் 27,000 ஆனது, 2026 ஜனவரியில் 30,000.


தையல்கடை (பண்டாரவளை)

பெண் பிள்ளைகள் ஒன்பது பேரை வைத்துத் தையல்கடை நடத்துகிறேன். "வெட்ட வேண்டாம் அக்கா" என்ற பேச்சு என்னிடமும் இருந்தது. சட்டத்தைச் சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு வீட்டைச் சொன்னேன்.

பத்து வருடம் கட்டி, கணக்கில் மூன்று இலட்சம் இருந்தால், வீட்டுக்காகவோ வைத்தியத்துக்காகவோ இருப்பில் 30 வீதத்தை இடையிலேயே எடுக்கலாம். வீட்டுக் கடனுக்கு நிதியைப் பிணையாகவும் வைக்கலாம். லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தன் பெயரில் ஒரு வீடு என்றால் என்ன என்று நான் சொல்லித் தரத் தேவையில்லை. மூத்தவள் ஒருத்தியின் மாமியார் வந்து, "அந்தக் காசை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று என்னையே குறுக்கு விசாரணை செய்தார். 8 ரூபாய் நீ போட்டால் நான் 15 ரூபாய் போடுகிறேன், உனக்கு வேண்டாமா என்று கேளுங்கள், போறணைக்கார அண்ணன். நிதி 12, நம்பிக்கை நிதி 3. இந்தக் கணக்கை யாருமே அவர்களுக்குச் சொல்வதில்லை.

பிள்ளைப்பேறு பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 84 நாள், சம்பளத்தோடு. 2018-இல் திருத்திய பிறகு முதல் பிள்ளை, மூன்றாம் பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. வாரவிடுமுறையும் போயாவும் அந்த 84-க்குள் அடங்காது, மேலே நீளும். சின்னக் கடைக்கு இது பாரம்தான், மறுக்கவில்லை. ஒருத்தி போகும்போது மற்றவளுக்கு அதே வேலையைப் பழக்கி வைத்திருந்தால் பாதிப் பாரம் குறையும். கர்ப்பம் என்று தெரிந்ததும் "கொஞ்ச நாள் வீட்டில் இரு" என்று அனுப்புகிற முதலாளிமார் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். அனுப்புவது அன்பாகத்தான் இருக்கும், நியாய சபையில் அதற்குப் பெயர் வேலைநீக்கம்.


போறணைக்காரன் (ஹட்டன்)

அக்கா சொன்ன 8-க்கு 15 என்பதை நாளைக்கே சொல்லிப் பார்க்கிறேன். இனி அந்தப் பையன் விடயம். நான் நிறுத்தவே இல்லை. அவனாகத்தான் போனான். அவனோ "இனி வராதே என்றார்" என்கிறானாம்.


சட்டத்தரணி (பதுளை)

நான் பார்க்கிற கடை வழக்குகளில் பாதி இதுதான். "நிறுத்தினார்" என்று ஒருவர், "போய்விட்டான்" என்று மற்றவர், இடையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

நிறுத்தியதை ஒத்துக்கொண்டால் காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்கு. நிறுத்தவே இல்லை என்றால் நிறுத்தினார் என்பதை ஊழியர்தான் முதலில் காட்ட வேண்டும். உங்கள் நிலைப்பாடு இரண்டாவது. ஆனால் "சேவையைக் கைவிட்டார்" என்பதற்கு வராமல் இருந்தது மட்டும் போதாது, திரும்பி வரும் எண்ணமே இல்லை என்பதும் வேண்டும். தீபாவளி முடிந்து நான்காம் நாள் "இன்ன தேதிக்குள் வேலைக்குத் திரும்பவும், வராவிட்டால் காரணத்தை அறிவிக்கவும்" என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இப்போதும் போடலாம். பிந்தியது பிந்தியதுதான், ஆனால் "வா, வேலை இருக்கிறது" என்பது இன்றைக்கும் உண்மை என்றால் அதை எழுதுவதில் தப்பில்லை.

8,500 ரூபாயை அவன் சம்பளத்தில் கழித்தீர்களா? கழித்திருந்தால் அது இன்னொரு பிரச்சினை. லாச்சி குறைந்ததற்காக முதலாளி தானாகவே சம்பளத்தில் வெட்ட முடியாது. திருட்டு என்று நினைத்தால் விளக்கம் கோரிக் கடிதம் கொடுங்கள், பதிலைக் கேளுங்கள், இரண்டு பேர் முன்னிலையில் விசாரித்துக் குறிப்பு எழுதுங்கள். கடைக்குள் இப்படி ஒரு விசாரணை வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல் துரத்தியவர் நியாய சபையில் என்ன சொல்லி நிற்பார்? 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடம் என்றால், ஒழுக்கக் காரணத்துக்காக நிறுத்தும்போது காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும்.


இரவுச்சூளை (தலவாக்கலை)

பதிவுத் தபால் என்றதும் சிரிப்பு வந்தது. அந்தப் பையன் எந்த லயம்? தோட்டத்துக்கு வருகிற கடிதம் வீட்டுக் கதவுக்கு வருவதில்லை ஐயா. பல தோட்டங்களில் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து யாராவது கையில் கொடுத்தனுப்பி, வந்தால் வந்தது. எங்கள் லயத்துக்கு இலக்கமே கிடையாது. பரீட்சைக் கடிதம் பிந்தி வந்து நேர்முகத் தேர்வைத் தவறவிட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். "ஏழு நாளுக்குள் வராவிட்டால் சேவையைக் கைவிட்டதாகக் கருதப்படும்" என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போட்டுவிட்டு, தபால் பற்றுச்சீட்டைக் காட்டி வென்றுவிடலாம் என்று முதலாளிமார் நினைக்கக் கூடாது.


சட்டத்தரணி (பதுளை)

நியாயமான பேச்சு. அதனால்தான் என் கட்சிக்காரர்களுக்கு மூன்று விடயம் சொல்வேன். கடிதம் தமிழில், அவருக்கு விளங்கும் தமிழில் இருக்கட்டும். பதிவுத் தபாலோடு ஒரு பிரதியை ஆள் மூலமும் அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள். ஏழு நாள் என்று நெருக்காதீர்கள், 14 கொடுங்கள். வேலைக்குச் சேர்க்கும் அன்றே கடிதம் எந்த முகவரிக்கு வந்தால் கையில் கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டவுனில் இருக்கும் அத்தை வீடாக இருந்தாலும் பரவாயில்லை.


நானுஓயா விடுதி

சரி, நானும் ஒரு கேள்வி கேட்கிறேன். ஏப்ரலில் நாளுக்கு 12, 13 மணித்தியாலம் நிற்கிறார்கள். கூடுதல் காசு கொடுக்கிறேன். போயாவிலும் நிற்கிறார்கள். இதில் என்ன பிழை?


கணக்குமேசை (கண்டி)

கடை, காரியாலய ஊழியர் சட்டம், 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கம். அதன்படி நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு, அதுவும் வாரத்துக்கு 12 மணி மட்டும். உங்கள் ஏப்ரல் கணக்கு அந்த 12-ஐத் திங்கள், செவ்வாய், புதனிலேயே தின்றுவிடுகிறது. கூடுதல் காசு கொடுப்பது வரம்பை நீட்டாது. இன்னும் இரண்டு பேரைப் பிடித்து முறை மாற்றுவதுதான் வழி. போயா வேலைக்கு அன்றைய சம்பளம் ஒன்றரை மடங்கு. தைப்பொங்கல் போன்ற நாளில் வேலை வாங்கினால் இரட்டிப்பு, அல்லது அந்த வருடம் முடிவதற்குள் சம்பளத்தோடு ஒரு நாள் விடுமுறை.

போறணைக்காரருக்கு ஒரு குறிப்பு: பேக்கரித் தொழிலுக்கு என்று தனியாகச் சம்பள நிர்ணய சபை இருக்கிறது. போறணையில் நிற்பவர்களும் முன்கடையில் விற்பவர்களும் வெவ்வேறு சட்டத்தின் கீழ் வரலாம். யார் எதில் என்று தொழில் அலுவலகத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள், இணையத்தில் எங்களை நம்ப வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால் தீபாவளி அரச விடுமுறை, வங்கி விடுமுறை, ஆனால் கடைகளுக்கான வணிக விடுமுறைப் பட்டியலில் இல்லை. மலையகத்தில் தீபாவளிக்கு ஆள் நிறுத்தி வேலை வாங்க யாருக்கு முடியும்? அன்றைக்கு லீவு கொடுப்பது உங்கள் கடை வழக்கம் என்றால் நியமனக் கடிதத்தில் எழுதிவிடுங்கள், ஒவ்வொரு வருடமும் பேரம் பேசத் தேவையில்லை.


நானுஓயா விடுதி

ஆள் பிடிக்கச் சொல்வது இலகு. ஏப்ரலில் நுவரெலியாவில் ஆள் எங்கே இருக்கிறது? இருந்தாலும் இந்த 180 நாள் கணக்கு எனக்குத் தெரியாது. என் சட்டத்தரணியிடம் கேட்கிறேன். இரவுச்சூளைத் தம்பி, உங்கள் பழைய முதலாளியையும் என்னையும் ஒரே கோட்டில் நிறுத்தாதீர்கள்.


இரவுச்சூளை (தலவாக்கலை)

சம்பளச் சீட்டு கொடுக்கத் தொடங்குங்கள், வேறு கோட்டில் நிறுத்துகிறேன்.


கணக்குமேசை (கண்டி)

கொட்டகலைக் கிளைக்கு வருவோம். 17 பேர், சராசரி 36,000. நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் ஒருவருக்கு 5,400, எல்லாருக்கும் 91,800. இது 15-ஐத் தாண்டியதால் வந்த செலவு அல்ல, 13 பேரிலும் சட்டப்படி இருந்திருக்க வேண்டியது. தாண்டுவதால் புதிதாக வருவது பணிக்கொடை. அதற்கு ஒருவருக்கு மாதம் 1,500 ஒதுக்கினால் போதும், 17 பேருக்கு 25,500. வேறு வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். சம்பளம் கூடும்போது அந்த ஒதுக்கீட்டையும் கூட்டுங்கள், ஏனென்றால் கடைசிச் சம்பளத்தில்தான் பழைய வருடங்களுக்கும் கணக்குப் பார்ப்பார்கள். ஐந்து வருடத்துக்கு முன் விலகுகிறவர்களின் பங்கு உங்களிடமே தங்கும்.

அந்த 25,500-ஐக் கிளையின் இலாபம் தாங்காது என்றால் கிளையைத் திறக்காதீர்கள். தாங்கும் என்றால் 15-க்குப் பயந்து திறக்காமல் இருப்பதும், மனைவியின் பெயரில் ஒளித்துத் திறப்பதும் இரண்டும் நட்டம்.

மா பிசையும் இயந்திரத்தில் கை போன கதை எல்லா ஊரிலும் உண்டு. வேலையாட்கள் நட்டஈட்டுக்குக் காப்புறுதி எடுங்கள். வேலைக்கு வரும் போகும் வழியில் நடக்கும் விபத்தும் 2022 திருத்தத்தில் சேர்ந்துவிட்டது. அதிகாலை மூன்று மணிக்குப் பனியில் நடந்து வருகிறவர்கள் உங்கள் ஆட்கள்.


போறணைக்காரன் (ஹட்டன்)

கிளையை என் பெயரிலேயே பதியப் போகிறேன். மாமனாருக்குக் கோபம், பரவாயில்லை. ஆறு பேரையும் இந்த மாதத்தில் இருந்து நிதியில் சேர்க்கிறேன். பழைய பாக்கியை ஒரே தடவையில் கட்ட முடியாது. வருகிற வாரம் விசாரணைக்குப் போக வேண்டும். என்ன கொண்டுபோவது?


சட்டத்தரணி (பதுளை)

கடிதத்தில் கேட்ட அனைத்தும். வரவு இடாப்பு, சம்பள இடாப்பு, நிதி கட்டிய பற்றுச்சீட்டுகள், வியாபாரப் பதிவு. இடாப்பு இல்லை என்றால் இன்றிரவு உட்கார்ந்து மூன்று வருடத்துக்கு ஒரே பேனாவில் எழுதிக்கொண்டு போகாதீர்கள். அந்த அதிகாரிகள் ஒரே பேனா இடாப்பு நிறையப் பார்த்தவர்கள். இருப்பதைக் காட்டி, ஆறு பேரைச் சேர்த்த விவரத்தைக் காட்டி, பாக்கிக்குத் தவணை கேளுங்கள். ஹட்டனில் ஒரு சட்டத்தரணியை அழைத்துக்கொண்டு போவது நல்லது. பையன் வந்தால் மரியாதையாகப் பேசுங்கள். அவன் கேட்பது மூன்று வருட நிதி மட்டும் என்றால், அதை ஒழுங்காகத் தீர்த்துவிட்டால் நியாய சபைப் பக்கம் அவன் போகாமலும் விடலாம்.


போறணைக்காரன் (ஹட்டன்)

சரி ஐயா. இடாப்பு என்றதும்தான் ஞாபகம் வந்தது. மனைவியின் அண்ணன் மகன் பாடசாலை லீவில் வந்து முன்கடையில் நிற்கிறான். வயது 15. கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுக்கிறேன். அவனையும் இடாப்பில் எழுத வேண்டுமா?


சட்டத்தரணி (பதுளை)

எழுத வேண்டாம், வீட்டுக்கு அனுப்புங்கள். 2021-இல் இருந்து வேலைக்கு ஆகக்குறைந்த வயது 16. விசாரணைக்கு முன் அதிகாரி கடைக்கு வந்து பார்க்கவும் கூடும்.


போறணைக்காரன் (ஹட்டன்)

அனுப்பிவிட்டேன். மாமனாருக்கு இப்போது இரட்டைக் கோபம்.